பல கைகளில் ஒரு டேப்லெட்: பள்ளியிலும் வேலையிடத்திலும் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு நடுநிலைப் பள்ளியில் 32 டேப்லெட்டுகளைப் பார்த்துக்கொள்வது ஆறு வருடமாக என் பொறுப்பு. ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை ஆறு பிரிவுகள், 190 பிள்ளைகள், மாறி மாறி எடுக்கிறார்கள். லீவு நாட்களில் திருப்பூரில் மாமா மகன் நடத்தும் சிறிய பனியன் கம்பெனிக்குப் போய், அங்கே தைத்த பனியன்களில் குறை பார்க்கும் செக்கிங் மேஜைகளில் இருக்கும் 6 டேப்லெட்டுகளையும் சரிபார்த்துக் கொடுப்பேன். இரண்டு இடத்திலும், பக்கத்துப் பள்ளி ஆசிரியர்களிடமிருந்தும் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

டேப்லெட் வாங்கும் முன் எதை முடிவு செய்ய வேண்டும்?

கம்பெனி, விலை, திரை அளவு எல்லாம் அப்புறம். ஒருவர் கீழே வைத்ததும் அந்த டேப்லெட் அவரை மறந்துவிட வேண்டுமா, அல்லது மறுபடி வரும்போது அவர் விட்ட இடத்திலிருந்து எடுத்துக் கொடுக்க வேண்டுமா? இதை முதலில் முடிவு செய்யுங்கள்.

கதை படிக்க, வீடியோ பார்க்க, வினாடி வினாவுக்குப் பதில் சொல்ல என்றால் மறந்துவிடுவதுதான் நல்லது. ஒரு பிள்ளை மூன்று பீரியட் உட்கார்ந்து ஒரு கட்டுரையை எழுதி முடிக்க வேண்டும் என்றால் நினைவில் வைத்திருக்க வேண்டும். செக்கிங் மேஜையில் இன்னொரு விதம்: டேப்லெட் யாரையும் நினைவில் வைக்க வேண்டாம், ஆனால் அதில் ஏறும் ஒவ்வொரு பதிவும் யார் போட்டது என்று தெரிய வேண்டும். இந்த மூன்றில் உங்களுடையது எது என்று தெரிந்துவிட்டால், கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லிவிடுவீர்கள்.

எல்லோருக்கும் பொதுவாக ஒரே ஜிமெயில் போட்டுக் கொடுத்தால் என்ன?

முதல் வருடம் நான் அதைத்தான் செய்தேன். செய்திருக்கக் கூடாது.

ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி பேச்சுப் போட்டிக்காக மதிய இடைவேளையில் டேப்லெட்டில் பேசிப் பேசிப் பதிவு செய்து பார்த்தாள். ஒன்பது பதிவுகள். வார்த்தை தடுமாறிய இடங்கள், மறந்துபோய் 'ஐயோ' என்று சொன்ன இடங்கள் எல்லாம் அதில் இருந்தன. எல்லா டேப்லெட்டிலும் ஒரே கணக்கு, பேக்கப்பும் ஓடிக்கொண்டிருந்தது. கடைசி பீரியடில் எட்டாம் வகுப்புப் பையன்கள் திறந்தபோது அந்த ஒன்பதும் அவர்கள் கையில் இருந்தன. அந்த 'ஐயோ'வை அவளைப் போலவே சொல்லிக்காட்டிக்கொண்டு படியிறங்கினார்கள். அவள் அந்த வருடம் போட்டிக்குப் பெயர் கொடுக்கவில்லை. பையன்களைத் திட்டியதால் அது சரியாகிவிடவில்லை. அவள் குரலை அவர்கள் கையில் கொண்டுபோய்க் கொடுத்தது நான் போட்டிருந்த அந்தப் பொதுக் கணக்கு.

படம், பதிவு மட்டும் இல்லை. தேடிய வார்த்தைகள், யூடியூபில் பார்த்தவை, பிரவுசர் சேமித்துவைத்த பாஸ்வேர்டு, எல்லாம் பொதுச் சொத்தாகிவிடும். பாஸ்வேர்டு தெரிந்த யாராவது ஒருவர் அதை மாற்றிவிட்டால் அத்தனை டேப்லெட்டும் ஒரே நாளில் கணக்குக்கு வெளியே நிற்கும். பொதுக் கணக்கு வேண்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆப்களை இறக்க ஒரு கணக்கு தேவைப்படலாம். அந்தக் கணக்கில் போட்டோஸ், டிரைவ், காண்டாக்ட் என எல்லா ஒத்திசைவையும் (சிங்க்) அணைத்துவையுங்கள். பாஸ்வேர்டு இரண்டு பேருக்கு மேல் தெரியக் கூடாது.

ஆண்ட்ராய்டில் ஒரே டேப்லெட்டைப் பல பேருக்குப் பிரித்துக் கொடுக்க முடியுமா?

முடியும். 2012-இல் வந்த ஆண்ட்ராய்டு 4.2-இலிருந்து டேப்லெட்டுகளில் பல பயனர் வசதி இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் தனித் திரை, தனி ஆப்கள், தனிப் படங்கள். ஒருவருடையது இன்னொருவருக்குத் தெரியாது. ஆனால் எல்லாத் தயாரிப்பாளர்களும் இதை விட்டுவைப்பதில்லை, சில மலிவு டேப்லெட்டுகளில் எடுத்துவிடுகிறார்கள். கடையிலேயே செட்டிங்ஸைத் திறந்து 'யூசர்ஸ்' என்று தேடிப் பாருங்கள். வரவில்லை என்றால் அந்த மாடல் உங்களுக்கு ஆகாது.

ஒவ்வொரு பயனரும் இடத்தைப் பிடிக்கிறார். 32 ஜிபி டேப்லெட்டில் சிஸ்டம் எடுத்தது போக மிச்சத்தில் நான்கைந்து பேர் வசதியாக இருக்கலாம். ஆசிரியர் அறையில் இருக்கும் டேப்லெட்டுக்கு இது அருமையான ஏற்பாடு. 190 பிள்ளைகளுக்கு நடக்காது.

பிள்ளைகளுக்கு விருந்தினர் பயனர் (கெஸ்ட்) என்ற வழி இருக்கிறது. வெளியேறும்போது அதில் செய்ததெல்லாம் அழிந்துவிடும். அழியும்படி வைத்தால்தான். இல்லையென்றால் அடுத்த பிள்ளை உள்ளே வரும்போது 'தொடரலாமா, புதிதாகத் தொடங்கலாமா' என்று கேட்கும். பிள்ளைகள் எப்போதும் 'தொடரலாம்' என்பதைத்தான் தொடுவார்கள். முதல் பட்டனாக எது இருக்கிறதோ அதைத் தொடுவது அவர்கள் வழக்கம். புதிய ஆண்ட்ராய்டு பதிப்புகளில் தானாக அழிக்கும் தேர்வு பயனர் செட்டிங்ஸிலேயே இருக்கிறது, அதைப் போட்டுவிடுங்கள்.

ஐபேடில்?

கடையில் வாங்கி அப்படியே திறக்கும் ஐபேட் ஒரு ஆளுக்கானது. பல பேருக்கு என்றால் 'ஷேர்டு ஐபேட்' என்ற தனி ஏற்பாடு வேண்டும். 2016-இல் ஐஓஎஸ் 9.3 வந்தபோது பள்ளிகளுக்காக அதைக் கொண்டுவந்தார்கள். 2020-இல் ஐபேட்ஓஎஸ் 13.4 வந்தபோது கம்பெனிகளுக்கும் திறந்துவிட்டார்கள். ஆப்கள் ஒரு முறை ஏற்றினால் எல்லோருக்கும் பொது. ஒவ்வொருவரும் நிறுவனம் கொடுக்கும் கணக்கில் நுழைவார்கள், அவரவர் வேலை ஆப்பிளின் இணையச் சேமிப்பகமான ஐகிளவுடில் போய் உட்காரும். கணக்கே இல்லாதவர்களுக்குத் தற்காலிக அமர்வு உண்டு. வெளியேறினால் எல்லாம் அழிந்துவிடும்.

'நினைவில் வைத்திருக்க வேண்டும்' என்ற தேவைக்கு நான் பார்த்தவற்றில் இதுதான் சுத்தமான வழி. ஆனால் ஆப்பிளின் பள்ளி நிர்வாகத் தளத்தில் பதிவு, அடுத்த கேள்வியில் வரும் எம்.டி.எம்., குறைந்தது 32 ஜிபி ஐபேட், ஒரு பிள்ளை அந்த ஐபேடில் முதல் முறை நுழையும்போது நல்ல வைஃபை, இவ்வளவும் வேண்டும். ஐந்தாறு ஐபேட் மட்டும் இருக்கிறது, பார்த்துக்கொள்ளத் தனி ஆள் இல்லை என்றால் இதற்குள் இறங்க வேண்டாம். 'கைடட் ஆக்சஸ்' போட்டு ஒரே ஆப்பில் நிறுத்திக் கொடுங்கள், போதும்.

எம்.டி.எம். என்கிறார்களே, அது என்ன? சின்னப் பள்ளிக்குத் தேவையா?

எல்லா டேப்லெட்டுகளையும் ஒரே கணினியில் உட்கார்ந்து நிர்வகிக்கும் மென்பொருள். ஆப் ஏற்றுவது, நீக்குவது, கேமராவை அணைப்பது, தொலைந்ததைப் பூட்டுவது எல்லாம் அங்கிருந்தே செய்யலாம்.

பத்து டேப்லெட் வரை கையாலேயே சமாளிக்கலாம். இருபதைத் தாண்டினால் முடியாது. ஒரே ஒரு கணித ஆப்பை 32 டேப்லெட்டில் ஏற்ற எனக்கு இரண்டு சனிக்கிழமை போனது. அடுத்த மாதமே அந்த ஆப் புதிய பதிப்பு கேட்டது.

செலவுக்குப் பயப்பட வேண்டாம். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸோஹோவின் மேனேஜ்எஞ்சின் பிரிவு கொடுக்கும் எம்.டி.எம். 25 சாதனங்கள் வரை இலவசம். ஹெட்விண்ட் என்று திறமூல (ஓப்பன் சோர்ஸ்) மென்பொருளும் உண்டு, சர்வர் வைத்துப் பார்த்துக்கொள்ளத் தெரிந்தவர் இருந்தால் அது சரிப்படும்.

முக்கியமான ஒன்று: ஆண்ட்ராய்டில் முழுக் கட்டுப்பாடு வேண்டுமென்றால் டேப்லெட்டைப் பெட்டியிலிருந்து எடுத்த உடனேயே எம்.டி.எம்.மில் சேர்க்க வேண்டும். முதல் வரவேற்புத் திரையில் ஒரே இடத்தில் ஆறு முறை தட்டினால் க்யூஆர் கோடு படிக்கும் திரை திறக்கும், அதில் உங்கள் கோடைக் காட்டிச் சேர்க்கலாம். ஜிமெயில் எல்லாம் போட்டு ஓட்ட ஆரம்பித்த பிறகு சேர்க்க நினைத்தால் திரும்ப ரீசெட் செய்து முதலிலிருந்து வர வேண்டும். ஆர்வத்தில் பெட்டியைப் பிரிக்கும் சக ஆசிரியர்களை அன்றைக்கு ஒரு நாள் தடுத்துவையுங்கள்.

ரீசெட் செய்தோம், பழைய ஜிமெயிலைக் கேட்கிறது. அந்த ஆசிரியர் மாறுதலாகிப் போய்விட்டார். என்ன செய்வது?

எனக்கு வரும் போன்களில் பாதி இதற்காகத்தான் வருகிறது.

திருடியவர் அழித்துவிட்டு விற்கக் கூடாது என்பதற்காக ஆண்ட்ராய்டு 5.1-இலிருந்து இந்தப் பூட்டு இருக்கிறது. டேப்லெட்டில் கடைசியாக இருந்த கணக்கின் பாஸ்வேர்டைக் கொடுத்தால்தான் திறக்கும். ஐபேடிலும் இதே மாதிரி ஒரு பூட்டு உண்டு.

முதலில் அந்த ஆசிரியருக்கு போன் செய்யுங்கள். பாஸ்வேர்டைக் கேட்காதீர்கள், ஒரு நாள் வந்து அவரே போட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள். அவரைப் பிடிக்க முடியவில்லை என்றால், பள்ளியின் பெயரில் உள்ள பில்லோடு அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்குப் போங்கள். 'நான் உடைத்துத் தருகிறேன்' என்று சொல்லும் கடைக்குப் போக வேண்டாம். என்ன மென்பொருளை ஏற்றித் திறக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது, அந்த டேப்லெட்டைத்தான் நாளை பிள்ளைகள் கையில் கொடுக்கப் போகிறீர்கள்.

இனிமேல் வராமல் இருக்க, யாருடைய சொந்த ஜிமெயிலும் பள்ளி டேப்லெட்டில் ஏறக் கூடாது, தலைமை ஆசிரியருடையது உட்பட. பள்ளியின் பெயரில் கணக்கு, அதன் மீட்பு எண்ணாகப் பள்ளி அலுவலக போன். பாஸ்வேர்டை எழுதி ஒட்டிய கவரில் போட்டு, ஸ்டாக் ரெஜிஸ்டரோடு அலமாரியில். ரீசெட் செய்யும் முன் கணக்கை முதலில் நீக்குங்கள், பிறகு செட்டிங்ஸ் வழியாகவே ரீசெட் செய்யுங்கள்.

யார் எந்த டேப்லெட்டை எடுப்பது? தினமும் அடிதடியாக இருக்கிறது.

எங்களுக்கும் அப்படித்தான் இருந்தது. கீறல் இல்லாத கவர், சத்தம் நன்றாக வரும் டேப்லெட், இவற்றுக்காக ஓடி வந்து இழுப்பார்கள்.

இப்போது வருகைப் பதிவேட்டு எண்தான் டேப்லெட் எண். ஆறாம் வகுப்பு 'அ' பிரிவில் 7-ஆம் எண் பிள்ளைக்கு 7-ஆம் டேப்லெட். எட்டாம் வகுப்பு 'ஆ' பிரிவின் 7-ஆம் எண் பிள்ளைக்கும் அதுதான். ஒரு டேப்லெட்டுக்கு ஆறு பேர், வருடம் முழுக்க அதே ஆறு பேர். எண்ணைப் பின்பக்கம் வெள்ளைப் பெயிண்ட் மார்க்கரால் எழுதியிருக்கிறேன். ஸ்டிக்கரை உரித்துவிடுவார்கள், உரிப்பதற்கென்றே நகம் வளர்ப்பார்கள். பூட்டுத் திரையின் படமாகவும் அதே எண் பெரிதாக இருக்கிறது. மேஜையில் 32-ஐயும் பரப்பினால், எது இல்லை என்று இரண்டு நொடியில் தெரியும்.

எடுக்கும்போது பிள்ளை மூன்று விஷயம் பார்க்கும்: கண்ணாடி, நான்கு மூலைகள், சார்ஜ். புதிய விரிசல் இருந்தால் அங்கேயே சொல்லிவிட வேண்டும். சொன்னால் திட்டு இல்லை, ரெஜிஸ்டரில் ஒரு வரி மட்டும். இந்த ஒரு பழக்கத்துக்குப் பிறகுதான் 'நான் இல்லை சார், முன்னாடியே இருந்தது' என்ற பேச்சு நின்றது. வைக்கும்போது, விருந்தினர் பயனரிலிருந்து வெளியேறிவிட்டோமா என்று பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் பார்த்துச் சொல்ல வேண்டும். தன்னுடையதைத் தானே பார்த்தால் அவசரத்தில் மறந்துவிடுகிறது, ஆசிரியர் 32-ஐயும் பார்க்க முடியாது.

40 நிமிட பீரியடில் கொடுக்க நான்கு நிமிடம், வாங்க ஐந்து நிமிடம் போகும். பாடத்தை 30 நிமிடத்துக்குத் திட்டமிடுங்கள். மணி அடித்த பிறகு வாங்கினால் ஒன்றிரண்டு கட்டாயம் வெளியேறாமலே பீரோவுக்குள் போகும்.

எப்படி சார்ஜ் போடுவது? எங்களிடம் ஒரே ஒரு பிளக் பாயின்ட்தான் இருக்கிறது.

மின்சார அளவு பெரிய பிரச்சினை இல்லை. ஒரு டேப்லெட் சார்ஜர் 15 வாட் என்று வைத்தால் 32-க்கு 480 வாட். சாதாரண 5 ஆம்பியர் பாயின்ட் ஏறக்குறைய 1,150 வாட் தாங்கும். ஆபத்து, எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்குள் இன்னொரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸைச் செருகுவதில் இருக்கிறது. தளர்ந்த இணைப்பு சூடாகும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுச் சுவரில் ஒரு பலகையில் வரிசையாகப் பாயின்ட்டுகள் போட்டுக்கொள்ளுங்கள்.

அதைவிடப் பெரிய எதிரி வெப்பம். முதல் கோடை விடுமுறைக்கு முன் நான் 32-ஐயும் முழுதாக சார்ஜ் ஏற்றி, இரும்பு பீரோவில் அடுக்கி, பூட்டிவிட்டுப் போனேன். பொறுப்பாகச் செய்ததாகத்தான் நினைத்தேன். பீரோ மேற்குச் சுவரை ஒட்டி இருந்தது, மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. ஜூன் மாதம் திறந்தபோது 17-ஆம் டேப்லெட்டின் கண்ணாடி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. விரல் நகம் உள்ளே போகும் அளவு இடைவெளி. உள்ளே பேட்டரி பூரி மாதிரி உப்பியிருந்தது. இன்னும் நான்கு டேப்லெட்டுகளில் சார்ஜ் அரை நாளைக்குக்கூட நிற்கவில்லை.

லித்தியம் பேட்டரி முழு சார்ஜில் வெப்பத்தில் இருந்தால் கெடும். முழுக்கத் தீர்ந்துபோய் மாதக் கணக்கில் கிடந்தாலும் கெடும். நீண்ட விடுமுறைக்கு 50 சதவீதம் அளவில் வைத்து, முழுதாக அணைத்து, இருப்பதிலேயே குளிர்ச்சியான அறையில் வையுங்கள். தினசரி பயன்பாட்டில், சாம்சங் போன்றவற்றில் சார்ஜை 80 அல்லது 85 சதவீதத்தில் நிறுத்தும் பேட்டரி பாதுகாப்புத் தேர்வு இருக்கிறது, போட்டுவிடுங்கள். பீரோவுக்குள் சார்ஜ் ஏறும்போது கதவு திறந்திருக்க வேண்டும், பள்ளியில் ஆள் இருக்க வேண்டும். ராத்திரி முழுக்கப் பூட்டிய அறையில் சார்ஜ் போடாதீர்கள்.

உப்பிய டேப்லெட்டை அழுத்திச் சமப்படுத்தப் பார்க்காதீர்கள். சார்ஜில் போடாதீர்கள், குத்தாதீர்கள். காகிதம், துணி இல்லாத சிமென்ட் தரையில் தனியாக வைத்துவிட்டு சர்வீஸ் சென்டரைக் கேளுங்கள்.

பாடத்தை விட்டு வேறு எதையாவது திறந்துவிடுகிறார்களே?

ஆண்ட்ராய்டில் ஒரே ஆப்பைத் திரையில் 'பின்' செய்து, அதாவது வேறு ஆப்புக்குப் போக முடியாதபடி நிறுத்தி, விடுவிக்கப் பாஸ்வேர்டு கேட்கும்படி வைக்கலாம். பள்ளி வைஃபை ரவுட்டரில் டிஎன்எஸ் (தளத்தின் பெயரைக் கொண்டு அதன் இடத்தைத் தேடித் தரும் சேவை) முகவரியாக 1.1.1.3 என்று போட்டால், தெரிந்த ஆபாசத் தளங்களையும் தீம்பொருள் (வைரஸ் போன்றவை) தளங்களையும் கிளவுட்ஃப்ளேர் என்ற இணைய நிறுவனம் தடுத்துவிடும், காசு கிடையாது. இவ்வளவும் செய்துவிட்டு வகுப்பில் நடந்துகொண்டே இருங்கள். மேஜையில் உட்கார்ந்திருக்கும் ஆசிரியருக்குத் தெரிவது டேப்லெட்டுகளின் முதுகுதான்.

தமிழில் தட்டச்சு செய்ய எந்தக் கீபோர்டு?

எது போட்டாலும் எல்லா டேப்லெட்டிலும் ஒன்றே இருக்கட்டும். நான் தமிழ்99 போட்டிருக்கிறேன். 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாட்டை ஒட்டி வந்த விசைப்பலகை அது. உயிரெழுத்துகள் இடப்பக்கம், மெய்கள் வலப்பக்கம். 'அம்மா' என்று எழுத ஆங்கில எழுத்துகளைத் தேடும் பிள்ளை, தமிழ்ச் சொல்லை ஆங்கிலத்தில் யோசித்துத் திருப்புகிறது. தமிழ்99-இல் க-வும் ஊ-வும் சேர்ந்தால் கூ என்று விரலே கற்றுக்கொள்கிறது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டே வாரத்தில் பழகிவிட்டார்கள். பெரியவர்களுக்குத்தான் நாளாகிறது.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. கீபோர்டும் நினைவில் வைக்கும். ஒரு பிள்ளை அடிக்கடி எழுதும் பெயர், ஊர், போன் எண் எல்லாம் அடுத்த பிள்ளை எழுதும்போது மேலே பரிந்துரையாக எட்டிப் பார்க்கும். விருந்தினர் பயனராக இருந்தால் வெளியேறும்போது அதுவும் போய்விடும். பொதுப் பயனராக இருந்தால் கூகுளின் கீபோர்டான ஜிபோர்டின் செட்டிங்ஸில் கற்றுக்கொண்ட சொற்களை அழிக்கும் இடம் இருக்கிறது, பரிந்துரையை மொத்தமாக அணைத்தும் வைக்கலாம்.

ஆசிரியருக்கு அரசு கொடுத்த கைக்கணினியை (டேப்லெட்) பிள்ளைகள் கையில் கொடுக்கலாமா?

தமிழ்நாட்டில் 2024-இல் அரசுத் தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் ஏறக்குறைய 80,000 பேருக்குக் கைக்கணினி கொடுக்கப்பட்டது. வருகைப் பதிவு, மதிப்பீடு என ஆசிரியரின் வேலை அதில்தான் நடக்கிறது. நீங்கள் நுழைந்திருக்கும் ஆப்பில் வகுப்பு முழுவதின் விவரமும் இருக்கும். ஒரு பிள்ளைக்கு வீடியோ காட்ட வேண்டும் என்றால் திரையை 'பின்' செய்துவிட்டு, உங்கள் கையிலேயே வைத்துக் காட்டுங்கள். இடைவேளையில் விளையாடக் கொடுக்க வேண்டாம். மதிப்பீட்டுத் திரையில் ஒரு விரல் பட்டால் ஒரு பிள்ளையின் பதிவு மாறிவிடும், யார் மாற்றியது என்று பிறகு கண்டுபிடிக்க வழி இல்லை.

எங்கள் கம்பெனியில் ஷிப்டு முழுக்க ஒரே பின் நம்பர்தான். வேலை வேகமாக நடக்கிறதே?

நடக்கும், ஒரு தகராறு வரும் வரை.

மாமா மகன் கம்பெனியில் அப்படித்தான் இருந்தது. காலையில் சூப்பர்வைசர் திறந்து வைப்பார், அதே பெயரில் ராத்திரி வரை எல்லோரும் பதிவு போடுவார்கள். ஒரு சனிக்கிழமை 40 பீஸ் தையல் பிசகு என்று ஒரு டெய்லர் பெயரில் ஏறியிருந்தது. அந்த அம்மா அன்று மதியத்துக்கு மேல் வேலையிலேயே இல்லை, மகளுக்குக் காய்ச்சல் என்று போய்விட்டார். வாரக் கூலியில் பிடித்தம் விழுந்த பிறகுதான் அது வெளியே வந்தது. பதிவு போட்டது யார் என்று கேட்டால், டேப்லெட் சூப்பர்வைசர் பெயரைக் காட்டியது. அவர் அந்த நேரத்தில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தார். பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், ஆனாலும் 'என் பேர்ல எப்படிப் போட்டாங்க' என்று அந்த அம்மா கேட்டதற்கு யாராலும் பதில் சொல்ல முடியவில்லை.

இப்போது செக்கிங் செய்பவர் ஒவ்வொருவருக்கும் நான்கு இலக்க எண். நுழைந்ததும் திரையின் உச்சியில் அவர் பெயரும் படமும் பெரிதாக வரும். மூன்று நிமிடம் யாரும் தொடவில்லை என்றால் தானாக வெளியேறிவிடும். ஐந்து நிமிடம் வைத்துப் பார்த்தோம், டீ குடிக்கப் போன இடைவெளியில் அடுத்தவர் தொடர்ந்துவிட்டார். அங்கே வேலை செய்பவர்களில் பாதிப் பேர் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள். எழுத்தில் பாஸ்வேர்டு கேட்டால் தடுமாறுவார்கள், எண் எல்லோருக்கும் கை வரும்.

பெரிய நிறுவனமாக இருந்து மைக்ரோசாஃப்ட் கணக்குகளில் வேலை நடந்தால், அதில் பகிர்வுச் சாதன முறை என்று ஒன்று இருக்கிறது. ஒரு ஆப்பில் வெளியேறினால் அதை ஆதரிக்கும் மற்ற ஆப்களிலிருந்தும் சேர்ந்து வெளியேறிவிடும். ஷிப்டு மாறும் மருத்துவமனை வார்டு, கிடங்கு போன்ற இடங்களுக்கு அது பொருத்தம்.

32 டேப்லெட்டும் ஒரே நேரத்தில் இணையத்தில் போனால் எதுவும் திறக்கவில்லையே?

வீட்டு ரவுட்டர் அதைத் தாங்காது. பாடத்துக்குத் தேவையானதை முன்பே இறக்கி வையுங்கள். அரசின் திக்ஷா ஆப்பில் பாட வீடியோக்களை இறக்கிக்கொள்ளலாம். கிவிக்ஸ் என்ற இலவச ஆப்பில் தமிழ் விக்கிப்பீடியா முழுவதையும் ஒரே கோப்பாக ஏற்றி இணையமே இல்லாமல் படிக்கலாம். எங்கள் பள்ளியில் அதிகம் திறக்கப்படும் ஆப் இதுதான். தானியங்கி அப்டேட்டை அணைத்துவிட்டு, மாதத்தில் ஒரு சனிக்கிழமை எட்டு எட்டாக அப்டேட் செய்யுங்கள். திங்கள் காலை முதல் பீரியடில் 32-ம் அப்டேட் கேட்டு நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

உடைத்த பிள்ளையிடம் பணம் வாங்கலாமா?

வாங்காதீர்கள். வாங்கினால் அடுத்த விரிசலை மறைப்பார்கள், ஏழைப் பிள்ளை டேப்லெட்டைத் தொடவே பயப்படும். மூலை தடித்த ரப்பர் கவர் 300, 400 ரூபாய்க்குக் கிடைக்கிறது. இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்து எடுத்துப் போகச் சொல்லிக் கொடுங்கள். ஆறு வருடத்தில் உடைந்த நான்கில் மூன்று, ஒற்றைக் கையில் தட்டு மாதிரி ஏந்திப் போனபோது விழுந்தவை.

பிள்ளைகளின் விவரங்களைப் பற்றி சட்டம் ஏதும் இருக்கிறதா?

இருக்கிறது. இந்தியாவின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023, 18 வயது நிறையாதவர்களைக் குழந்தைகளாகக் கருதுகிறது. அவர்களுடைய தகவலைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. பள்ளிகளுக்குச் சில விலக்குகள் உண்டு. ஆனாலும் விலக்கைத் தேடிப் போவதைவிடக் குறைவாகச் சேர்ப்பது எளிது. கல்வி ஆப் ஒன்று பிள்ளையின் பிறந்த தேதி, அப்பாவின் போன் எண் கேட்டால் அந்த ஆப்பை நான் எடுப்பதில்லை. பெயருக்குப் பதில் வகுப்பும் வருகை எண்ணும் போட்டாலே பெரும்பாலானவை வேலை செய்கின்றன.

எதைக் கொண்டு துடைப்பது?

அணைத்துவிட்டு, 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் லேசாக நனைத்த மென்துணி. திரையில் நேராகத் தெளிக்கக் கூடாது, பிளீச்சிங் சேர்ந்த எதுவும் கூடாது. பொது ஹெட்போன் என்றால் காதுக்குள் நுழையும் வகையை வாங்காதீர்கள்.

பழையதாகி அப்டேட் நின்றுபோன டேப்லெட்டுகளை என்ன செய்வது?

பாதுகாப்பு அப்டேட் வராத டேப்லெட்டை இணையத்தில் விடக் கூடாது, யாருடைய கணக்கும் அதில் இருக்கக் கூடாது. எங்களிடம் அப்படி ஐந்து இருக்கின்றன. கணக்கை நீக்கி, ரீசெட் செய்து, வைஃபையை அணைத்து, கிவிக்ஸும் ஒரு அகராதியும் மட்டும் ஏற்றி நூலக மேஜையில் வைத்திருக்கிறேன். கேமராவின் மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப். யாரும் பெயர் கொடுக்காமல், எழுதிக் கொடுக்காமல் எடுத்துப் படிக்கலாம். மதியச் சாப்பாட்டு மணி அடித்த பத்தாவது நிமிடத்தில் அந்த ஐந்தும் கையில் இருக்கும்.